வானத்துப் பந்தும் ராக்காயியின் வயலும்

மாஜிஸ்திரேட் தன் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, மேசைமேல் இருந்த பந்தை லேசாகத் தட்டினார்.

'ணங்ங்' என்றது. தட்டியது பென்சிலின் பின்பக்கம்தான். ஆனால் சத்தம் கோர்ட் ஹால் முழுக்கச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே போய், வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த நாயை எழுப்பிவிட்டது. குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இதை அடித்துத்தான் மான் விரட்டினாயா?" என்று மாஜிஸ்திரேட் இந்தியில் கேட்டார்.

கூண்டில் நின்ற ராக்காயிக்கு இந்தி பாதி புரியும், பாதி புரியாது. மானுக்கு இந்தியில் என்ன பெயர் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தமானில் அவள் குடியிருந்த பாராடாங் தீவில் வங்காளி, தெலுங்கர், தமிழர் என்று எல்லோரும் ஒன்றுசேர்ந்து திட்டும் ஒரே பிராணி அதுதான்.

"ஆமாங்கய்யா. ரெண்டு தட்டு தட்டுனாப் போதும், தலதெறிக்க ஓடிரும். நீங்க தட்டுனது பத்தாது. இன்னுங்கொஞ்சம் பலமாத் தட்டிப் பாருங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். திருட்டுக் கேஸில் மாட்டியவள், திருட்டுப் பொருளை எப்படித் தட்ட வேண்டும் என்று நீதிபதிக்குப் பாடம் எடுக்கிறாள்! அவளுடைய வக்கீல் நான். வயது இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும். கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

விண்வெளிச் சட்டம் என்று இன்றைக்குப் பெரிய பெயர் சொல்லி அழைக்கிறார்களே, அதில் என் முதல் வழக்கு இது.

எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு

"அம்மா, ராக்கெட், செயற்கைக்கோள் எல்லாம் எப்போது வரும்? நீங்கள் இன்னும் ஃபீனிக்ஸ் பேயிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே" என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் அலுத்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, பிறந்து வளர்ந்த போர்ட் பிளேர் துறைமுகக் கரையைச் சொல்லாமல் நேரே வானத்துக்கு ஏற என்னால் முடியாது. ஆனாலும் உங்களுக்காக இந்த வாரம் ஏறிவிடுகிறேன்.

பிற்காலத்தில் நான் வாதாடிய அறைகள் எல்லாம் கண்ணாடிச் சுவர் அறைகள். ஏவுவதற்குத் தாமதமான செயற்கைக்கோள், மேலே போய் வேலை செய்யாத செயற்கைக்கோள், ஒரு கம்பெனி கட்டி இன்னொரு கம்பெனி ஏவி மூன்றாவது கம்பெனி காப்பீடு செய்து, கடைசியில் கடலில் விழுந்த செயற்கைக்கோள். அது யார் பொருள், யார் பொறுப்பு என்று நாள்கணக்கில் பேசுவோம். ஏசி குளிரில் எனக்கு மூக்கு ஒழுகும்.

மதியச் சாப்பாட்டின்போது ஜூனியர்கள் மெல்ல வருவார்கள். "மேடம், இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"மானால் வந்தேன்" என்பேன். கிழவிக்குக் குளிரில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகச் சிரிப்பார்கள்.

அம்மாவும் ஆகாய விமானமும்

உண்மையைச் சொன்னால் ராக்காயிக்கும் முன்னால் ஒரு கட்சிக்காரி எனக்கு இருந்தாள். என் அம்மா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை போதும் என்று பத்துபஸ்தியில் ஒரு தகர வீடு கட்டிக் குடிபோனோம். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அந்த நாளில் விமானம் அபூர்வம். அது வருகிற நாளில் ஓடுபாதையில் மேயும் மாடுகளை ஜீப் விட்டு விரட்டுவார்கள். நாங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம்.

அம்மாவுக்கு மட்டும் வேடிக்கை இல்லை. போர்ட் பிளேரில் வெயில் அடிப்பதே பெரிய விஷயம். அடிக்கிற வெயிலில் வத்தல் பிழிந்து காயப் போட்டால், இந்த விமானம் திரும்புகிற காற்றில் வத்தல் துணியோடு பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழும். "ஏட்டி, சட்டம் படிக்கப் போறேங்கியே, முதல்ல இவன்மேல ஒரு கேஸப் போடு" என்பாள்.

நான் கல்லூரி லீவில் வந்திருந்தபோது, மெத்தப் படித்த திமிரில் ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அங்கே வேலை பார்த்த சர்தார்ஜி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். அம்மா அவருக்கு வத்தல் பொரித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் விமானம் தாமதம் என்றால் சைக்கிளில் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வத்தலும் காய்ந்தது. வான்வழிச் சட்டத்தில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த தகராறை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து சென்னையை விட்டுக் கிளம்பும்போது, தீவில் வக்கீல் தொழில் செய்யப் போகிறோமே என்று பழைய புத்தகக் கடையில் கடல் சட்டம் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். கடைக்காரர் யாரும் வாங்காத ஒரு ஒல்லிப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி என் தலையில் கட்டினார். அது விண்வெளி பற்றி நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள். கப்பலில் குமட்டல் தாங்காமல் படுத்துக்கொண்டே அதை வாசித்தேன். இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

காதர் பாய் கடையின் பின்பக்கம்

என் முதல் ஆபீஸ் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில், காதர் பாயின் குடைக்கடைக்குப் பின்னால் இருந்தது. பாய் கீழக்கரைக்காரர். தீவில் வருஷத்தில் பாதி மழை என்பதால் குடைக்கடையில் கூட்டம் நெரியும். பின்பக்கம் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பெண் வக்கீலை நம்பி யார் வருவார்கள்?

ஒருநாள் பாய் திரையை விலக்கித் தலையை நீட்டினார். "தங்கச்சி, ஒரு பொம்பள அழுதுக்கிட்டே குடை வாங்குது. என்னான்னு கேட்டா, கோர்ட்டுக்குப் போவணுமாம். வக்கீலு யாரும்மான்னேன். வக்கீலுன்னா என்னாங்குது. உள்ள ஒரு வக்கீலு சும்மாத்தான் உக்காந்திருக்கு, போன்னு சொல்லியிருக்கேன்."

அவமானமாக இருந்தது. ஆனால் பொய் இல்லையே.

உள்ளே வந்தவள் ராக்காயி. முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். புதுக்குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து கப்பலேறிப் புருஷனோடு அந்தமானுக்கு வந்தவள். பாராடாங்கில் காட்டோரம் நிலம் ஒதுக்கினார்கள். மரத்தை வெட்டி வேரைத் தோண்டி நெல் போட்டார்கள். இரண்டாவது அறுப்புக்கு முன்னால் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நிலம் அவள் பெயருக்கு மாறியது. இரண்டு பெண் பிள்ளைகள்.

"இப்ப என்ன கேஸ்?"

"பந்து திருடுனேங்கிறாங்க தாயி."

"என்ன பந்து?"

"மேலேர்ந்து விழுந்துச்சே, அந்தப் பந்து."

அவள் சொன்னதைக் கோர்வையாகச் சொல்கிறேன். ஒரு விடியற்காலை மழையே இல்லாமல் இடிச் சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் வயல் சேற்றில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு உலோகப் பந்து. பூசணிக்காய் அளவு, தீயில் வாட்டிய நிறம், மேலும் கீழும் ஒரு துவாரம். பார்த்தால் கனம் போல இருக்கும், தூக்கினால் இல்லை. ராக்காயி அதைக் கழுவி, துவாரத்தில் கயிறு கோத்து வயலோர மரத்தில் தொங்கவிட்டாள். கட்டையால் தட்டினால் காடே அதிர்ந்தது. அதுவரை கதிரைக் கதிராகத் தின்று தீர்த்த புள்ளிமான்கள் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

அந்தச் சத்தம்தான் வினையாகவும் போனது. ரோந்து வந்த ஓர் அதிகாரி காதில் விழுந்தது. பந்தைப் பார்த்தவர், இது ராணுவச் சாமானாக இருக்கும், அரசாங்கச் சொத்து என்று எழுதிவிட்டார். திருட்டு வழக்கு பதிவானது. பந்து கோர்ட்டுக்கு வந்தது.

"போனாப் போகுது பந்து" என்றேன். "முதல் குற்றம். எச்சரிச்சு விட்டுருவாங்க."

அப்போதுதான் அவள் குடைக்கடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நிலம் ஒதுக்கும்போது போட்ட நிபந்தனையில் ஒன்று, குற்றவாளி என்று தீர்ப்பானால் ஒதுக்கீடு ரத்து என்பது. அதைச் சுட்டிக்காட்டி முன்கூட்டியே நோட்டீஸ் வந்திருந்தது. எச்சரித்து விட்டாலும் அது தண்டனைதான். நிலம் போய்விடும்.

அன்றிரவே அந்த ஒல்லிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

பாராடாங்

இடத்தைப் பார்க்காமல் வாதாடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். இன்றும் உண்டு. ஏவுதளத்துக்கே போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மனு எழுதுவேன்.

ஃபீனிக்ஸ் பேயில் மோட்டார் போட் பிடித்தேன். சதுப்பு மரங்களுக்கு நடுவில் ஓடைகள் வளைந்து வளைந்து போகும். டீசல் புகையும் சேற்று வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. பாராடாங் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ராக்காயி அதே குடையோடு நின்றிருந்தாள்.

பள்ளத்தைக் காட்டினாள். தண்ணீர் கட்டி அதில் தவளை இருந்தது. பந்து தொங்கிய மரத்தைக் காட்டினாள். கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆனதும் மான்கள் வந்தன. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வீட்டின் ஆறு மாதச் சோற்றை அது மெல்லுவதைப் பார்த்தால் அழகு தெரியாது. ராக்காயி தட்டைத் தட்டினாள், கத்தினாள், கல்லை விட்டெறிந்தாள். மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று போனதுதான் மிச்சம்.

அன்று அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் என் திட்டத்தைச் சொன்னேன். எனக்கு அது அபாரமான திட்டமாகத் தோன்றியது.

"இங்க பாருங்க. அந்தப் பந்து வேற ஏதோ நாட்டு ராக்கெட்டிலேர்ந்து விழுந்தது. போலீஸ் கேட்டு நிபுணர் கொடுத்த கடிதத்துலயே அப்படித்தான் இருக்கு. மேல அனுப்பின பொருள் எங்க விழுந்தாலும் அனுப்பின நாட்டுக்குத்தான் சொந்தம்னு ஒப்பந்தம் இருக்கு. நம்ம நாடும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. அப்ப அது நம்ம சர்க்கார் சொத்தே இல்ல. சர்க்கார் சொத்து இல்லாதப்ப சர்க்கார்கிட்ட திருடினதா எப்படிச் சொல்ல முடியும்?"

"சரி தாயி."

"நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். 'என்னுதுன்னு நான் எடுக்கல, பத்திரமா வச்சிருந்தேன், யாராவது வந்து கேட்டாக் குடுத்திருப்பேன்'னு."

"அது பொய்யில்ல?"

"கொஞ்சம் அப்படி இப்படித்தான்."

"நான் பந்துல நிஷான் கட்டுனேனே தாயி, என்னுதுன்னு. சேலையக் கிழிச்சு நானே கட்டுனேன். அந்தத் துணியும் போலீசுகிட்டத்தான் இருக்கு. கட்டிப்புட்டு என்னுதில்லன்னு எப்பிடிச் சொல்றது?"

"சொன்னாத்தான் நிலம் மிஞ்சும்!"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "பொறந்த தோட்டத்துல, இது உங்க நாடு இல்ல, போங்கன்னான். சரின்னு வந்தோம். மண்டபத்துல, சிலோன்காரங்க வந்துட்டாங்கன்னான். அதுக்கும் சரின்னோம். குடியிருந்த லயத்துக் காம்பராகூடத் தோட்டத்துத் தொரையோடது. எம் புருஷனும் நானும் காட்டை வெட்டி இங்க வந்து ஒக்காந்தப்புறம்தான், இது என்னுதுன்னு ஒரு வார்த்த என் வாயில வந்துச்சு. அதையும் சொல்லாதேங்கிறியே, நீயெல்லாம் என்ன வக்கீலு?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஓசியில் வாதாட வந்தவளைப் பார்த்து என்ன வக்கீல் என்றால்? "எப்படியோ போங்க" என்று ஒற்றைச் செருப்போடு ஜெட்டிக்கு நடந்தேன். போட்டில் பாதி தூரம் வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். மீதி தூரம், அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அழுதுகொண்டே வந்தேன்.

ஹரிபதோவின் சாட்சி

விசாரணை நாளில் சர்க்கார் தரப்பு வக்கீல் உற்சாகமாக இருந்தார். ராக்காயி கட்டிய கிழிசல் துணியைத் தூக்கிக் காட்டினார். இது தன்னுடையது என்று அவளே அடையாளம் கட்டியிருக்கிறாள், அபகரிக்கும் எண்ணத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். அதோடு விட்டாரா? நிலமே இன்னும் அரசாங்கத்துடையதுதான், குடியேறியவளுக்கு ஒதுக்கீடு மட்டுமே, ஆகவே அதில் விழுந்ததும் அரசாங்கத்துடையது என்றார். கூண்டிலிருந்த ராக்காயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் யாரோ தன் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

நான் என் ஒல்லிப் புத்தகத்தை எடுத்துவைத்துப் பேசினேன். மாஜிஸ்திரேட் வங்காளி, வாசிப்பதில் பிரியமுள்ளவர். சந்திரனில் மனிதன் இறங்கியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ரசித்துத் தலையாட்டினார். பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சரி. அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கட்சிக்காரிக்கும் இல்லையே. இன்னொருவர் பொருள் என்றால், எடுத்தது எடுத்ததுதானே?"

என் அபாரமான திட்டம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அப்போது சர்க்கார் தரப்பு தன் சாட்சியைக் கூப்பிட்டது. பக்கத்து வயல்காரர் ஹரிபதோ. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். பந்தை ராக்காயி எடுத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவைப்பதற்காக அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். பார்த்தேன் என்றார். முதலில் பள்ளத்தருகே போனது யார்? நான்தான் போயிருப்பேன், ஆனால் ராக்காயி முந்திக்கொண்டாள் என்றார். சர்க்கார் வக்கீலுக்குப் பரம திருப்தி. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அவ்வளவு விசித்திரமான பொருளை நீ ஏன் எடுத்துக்கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவில்லை?"

ஹரிபதோ அவரை ஒருமாதிரி பார்த்தார். "நிஷான் பாந்தா தா, சாப். ஹம் கைசே உட்டாயேகா?"

அடையாளம் கட்டியிருந்ததே ஐயா, நான் எப்படி எடுப்பேன்?

எனக்குச் சுரீரென்றது. இந்தத் தீவில் பிறந்த எனக்கு அந்த நிஷான் தெரியாதா? ஃபீனிக்ஸ் பே கரையில் பலகை, மிதவை, எண்ணெய் டின் என்று கடல் எதைக் கொண்டுவந்து ஒதுக்கினாலும், முதலில் பார்க்கிறவர் உடுத்தின துணியில் ஒரு முனையைக் கிழித்துக் கட்டிவிடுவார். அப்புறம் ஒரு வாரம் கழித்துத் தூக்கிப் போனாலும் சரி, வேறொருவர் கை வைக்க மாட்டார். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாத ஊரில், சண்டை போடாமல் இருக்க மக்களே செய்துகொண்ட ஏற்பாடு. சின்ன வயதில் பாவாடை நுனியைக் கிழித்து ஒரு தேங்காய்க்குக் கட்டிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இதெல்லாம் கோர்ட்டில் பேசுகிற விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

துள்ளி எழுந்தேன். "நிஷான் கட்டினால் என்ன அர்த்தம், ஹரிபதோ பாபு?"

"அவங்களுடையது என்று அர்த்தம்."

"திருடுகிறவர்கள் நிஷான் கட்டுவார்களா?"

ஹரிபதோ சிரித்துவிட்டார். "திருடுகிறவன் எதுக்குக் கட்டுவான், தீதி? தூக்கிட்டு ஓடுவான்."

கோர்ட்டே சிரித்தது. தெலுங்குக்கார டவாலி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து முறைத்துவிட்டு, தானும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு ராக்காயியைக் கேட்டார். நானே மொழிபெயர்த்தேன். "இது உன்னுடையதா?"

என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இந்தமுறை நான் தடுக்கவில்லை.

"ஆமாங்கய்யா, என்னுதுன்னுதான் எடுத்தேன். யாரோ ஒருத்தரு மேலேர்ந்து போட்டதுங்கிறாங்க. அவங்க வந்து கேட்டா எடுத்துக்கட்டும், சண்டைக்கு நிக்க மாட்டேன். ஆனா அது விழுந்த எடம் என்னுது. நாங்க வெட்டுன காடு. எம் புருஷன் கெடக்குறதும் அந்த மண்ணுலதான். நான் ஒளிச்சு வைக்கல. மரத்துல கட்டித் தெனமும் ஊருக்கே கேக்குற மாதிரி அடிச்சேன். திருடுனேன்னு மட்டும் எழுதிப்புடாதீங்கய்யா."

மொழிபெயர்க்கும்போது நடுவில் எனக்குக் குரல் உடைந்தது. சர்க்கார் வக்கீல்தான் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர்.

அதன்பின் நான் பேச அதிகமில்லை. தனக்கு உரிமை இருக்கிறது என்று மனசார நம்பி, நாலுபேர் பார்க்க ஒரு பொருளை எடுத்தால் அது திருட்டாகாது என்பது பழைய சட்டம். வக்கீல் படிப்பின் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். மனசார நம்பினாள் என்பதற்குச் சாட்சி, சர்க்கார் தரப்பு பத்திரமாக வைத்திருந்த அந்தக் கிழிசல் துணிதான் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

யாருடையது

சில நாள் கழித்துத் தீர்ப்பு. பந்து எந்த நாட்டுடையது என்று தெரியவில்லை. கேட்டு வரும்வரை அரசாங்கம் அதைப் பாதுகாக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விடுதலை.

"என்ன தாயி சொல்றாரு?"

"பந்த அவங்களே வச்சுக்கிறாங்களாம்."

"வச்சுக்கட்டும். நெலம்?"

தண்டனை இல்லாததால் நோட்டீஸ் செல்லாது என்று, நிலம் ஒதுக்கும் ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவரே எழுந்து சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டவாலி அவசரப்படுத்தவில்லை.

காதர் பாய் தன் கடையில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மானுக்கு இனி என்ன செய்வாள் என்று அவருக்குக் கவலை. பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "பந்து மாரி வராது. இருந்தாலும் அடிச்சுப் பாரும்மா. கேக்கலேன்னா சொல்லியனுப்பு, கப்பல்லேர்ந்து ஏதாச்சும் ஒடஞ்ச மணி வாங்கித் தாரேன்." என்னைப் பார்த்து, "தங்கச்சி, இனிமே ஆகாசத்துலேர்ந்து விழுறது எல்லாம் ஒன்கிட்டதான் வரும் போ" என்றார். பாய் விளையாட்டுக்குச் சொன்னார். அப்படியே நடந்தது. விமானத் தகராறு ஒன்று, கப்பல் ரேடியோ தகராறு ஒன்று என்று தொடங்கி, அந்த ஒல்லிப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பிற்காலத்தில் நான் ஒரு வழக்காவது நடத்திவிட்டேன். அந்தக் கதைகள் இருக்கட்டும்.

மத்தியான போட்டுக்கு அவளை ஏற்றிவிட ஃபீனிக்ஸ் பேக்கு நானும் போனேன். கவுன்ட்டரில் நீளமான வரிசை. வெயிலில் கயிறும் மீன் கூடைகளும் நாறிக்கொண்டிருந்தன. அவள் முறை வந்தபோது, கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"கிதர்?" எங்கே போகணும்?

"கர்" என்றாள் ராக்காயி. வீட்டுக்கு.

அவருக்கு எரிச்சல். "அரே, கர் தோ சப் கா ஹை. ஜெட்டி கா நாம் போலோ." வீடு எல்லாருக்கும்தான் இருக்கு, எந்த ஜெட்டின்னு சொல்லு.

அது அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. பிஸ்கட் டின்னைக் கீழே வைத்தாள். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே கேட்டாள்.

"எல்லாருக்கும் இருக்குன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்ப்பதற்குள் ராக்காயியே "பாராடாங்" என்று சொல்லி, டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, போட்டைப் பார்த்து நடந்தாள்.